கூட்டல் டேலி ஆகவில்லை

(பெங்களூரிலிருந்து)
2015 மே 11. சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதா உட்பட நால்வரையும் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நான் அப்போது இங்கே ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்த்தேன். தீர்ப்பில் கடன் பட்டியலின் கூட்டுத்தொகையே தப்பு என்று அரசு வழக்கறிஞர் பி.வி.ஆச்சார்யா சொன்னபோது நான் நம்பவில்லை. 919 பக்கத் தீர்ப்பில் கூட்டல் பிசகுமா?

மறுநாள் அந்தப் பக்கம் வாட்ஸப்பில் வந்தது. கால்குலேட்டரில் ஒரு தடவை, பென்சிலால் ஒரு தடவை கூட்டினேன். இரண்டு தடவையும் 10 கோடியே 67 லட்சத்துச் சொச்சம். தீர்ப்பில் 24 கோடியே 17 லட்சம். டேலி ஆகவில்லை. சாரிடம் நீட்டினேன். வரிக்கு வரி டிக் போட்டுக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அந்தத் தப்பான கடன் தொகையை வருமானத்தில் சேர்த்ததால்தான் கூடுதல் சொத்து 2.82 கோடி, அதாவது வருமானத்தில் 8.12 சதவீதம் என்று வந்தது. பத்துக்குள் இருந்தால் குற்றமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. சரியாகக் கூட்டினால் 16.32 கோடி, 76.7 சதவீதம்!

ஆச்சார்யாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. 2012-இல் இந்த வழக்கிலிருந்து விலகியவர். முந்தைய வழக்கறிஞரின் நியமனம் செல்லாது என்று ஏப்ரல் 27-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் திரும்ப வந்தார். எழுத்துப்பூர்வ வாதம் தர ஒரே நாள் அவகாசம். வாய்திறந்து வாதாட வாய்ப்பே இல்லை. அந்த நிலைமையிலும் தோற்ற தீர்ப்பை வரி விடாமல் படித்தாரே, அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். கர்நாடக அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2017 பிப்ரவரி 14-இல் விசாரணை நீதிமன்றத்தின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஜெயலலிதா அதற்குள் காலமாகிவிட்டார்; மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள்.

(சேலத்திலிருந்து)
அண்ணா, விடுதலையான அன்று எங்கப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். ரேஷன் கடையில் முப்பது வருஷம் பில் போட்டவர், மனக்கணக்கில் புலி. அந்தப் பட்டியலை நான் காட்டியதும் உதட்டை அசைத்துக்கொண்டே கூட்டிப் பார்த்தார். “பத்தே முக்கால்கூட வரலையேடா” என்றார். பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ராத்திரி சாப்பிடும்போது திரும்ப எடுத்துக் கூட்டினார்.