செண்பக விதை 50 நாளாகியும் முளைக்கவில்லை, முளைத்த இரண்டும் சாய்ந்துவிட்டன. எங்கே தவறு?

மாடித்தோட்டம்_மதுரை
வணக்கம். மஞ்சள் செண்பகத்தை விதையிலிருந்து வளர்க்க முயல்கிறேன். இரண்டு வகை விதை போட்டேன்:

1. ஆன்லைனில் வாங்கிய 40 காய்ந்த விதை. கருப்பாக, கடினமாக இருந்தன.
2. மரத்தடியில் பொறுக்கிய 25 விதை. மேலே சிவப்புத் தோலோடு அப்படியே ஊன்றினேன்.

கலவை: செம்மண் 1 பங்கு, மாட்டுச்சாணம் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு. ஒரு அங்குல ஆழம். தினமும் காலை, மாலை தண்ணீர். இன்றோடு 50 நாள். முதல் வகையில் ஒன்றுகூட வரவில்லை. இரண்டாவதில் 2 வந்தன, ஒரு வாரத்தில் தண்டின் அடி கருத்துச் சாய்ந்துவிட்டன. விதையை உப்புத்தாளில் தேய்த்துப் போடவா? ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் முளைக்கும் என்கிறார்களே, சரியா?

நாற்றங்கால்
தேய்க்கவும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்க. சிவப்பு விதைகளைப் பொறுக்கி எத்தனை நாள் கழித்து ஊன்றினீங்க? சாணம் மக்கியதா, பச்சையா? முளைக்காத விதையில் பத்து எடுத்து, பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்க. உள்ளே பருப்பு வெள்ளையாக, நகத்தில் அழுத்தினால் எண்ணெய் கசிகிற மாதிரி இருந்தால் உயிர் இருக்கு. பழுப்பாகவோ, சுருங்கியோ, சிக்கு வாடையோ அடித்தால் அது போய்விட்டது.

மலைக்காடு
ஃபிரிட்ஜ் யோசனை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். செண்பகமும் மேக்னோலியாதான். முன்பு மைக்கீலியா சம்பகா என்றார்கள், இப்போது மேக்னோலியா சம்பகா. ஆனால் இணையத்தில் மேக்னோலியா விதை பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த மேக்னோலியா கிராண்டிஃபுளோராவைப் பற்றியவை. வட இந்தியாவில் ஹிம்சம்பா என்பார்களே, பெரிய வெள்ளைப் பூ, அதுதான். அதன் விதைக்கு ஒரு குளிர்காலம் கடந்தாக வேண்டும். அதனால் ஈரமான நார்க்கழிவில் பொதிந்து 4 டிகிரி அளவில் ஏறக்குறைய மூன்று மாதம் வைப்பார்கள். நம் செண்பகம் வெப்பமண்டல மரம், அதற்குக் குளிர் தேவையில்லை.

மாடித்தோட்டம்_மதுரை
நன்றி ஐயா. சிவப்பு விதையை ஒரு வாரம் வெயிலில் காயவைத்துத்தான் போட்டேன். சாணம் பாதி மக்கியது. வெட்டிப் பார்த்தேன்: ஆன்லைன் விதை பத்தும் பழுப்பு. மரத்தடி விதை பத்தில் மூன்று வெள்ளை, மீதி பூஞ்சை.

நாற்றங்கால்
அப்படியென்றால் தெளிவாகிவிட்டது.

ஆன்லைன் விதை உங்களிடம் வரும்போதே செத்திருக்கும். செண்பக விதையைத் தக்காளி, கத்திரி மாதிரி காயவைத்துப் பாக்கெட்டில் அடைத்து மாதக்கணக்கில் விற்க முடியாது. சாதாரண அறைச்சூட்டில் சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் சரிந்துவிடும். பருப்பில் எண்ணெய் அதிகம், காய்ந்தால் சிக்கு ஏறும். இனி வாங்கும்போது 'எப்போது பறித்தது' என்று கேளுங்க. பதில் வராவிட்டால் வாங்காதீங்க.

மரத்தடி விதைக்கு இரண்டு அடி. ஒன்று, வெயில். இரண்டாவது, அந்தச் சிவப்புத் தோல். அது எண்ணெய் நிறைந்த சதை. பறவை தின்று கொட்டையைத் துப்பவோ எச்சத்தில் போடவோதான் மரம் அதைப் போர்த்தியிருக்கு. முளைப்பைத் தடுக்கும் பொருளும் அதில் உண்டு. அதோடு மண்ணில் புதைத்தால் நொதித்துப் பூஞ்சையைக் கூப்பிடும், எறும்பும் வரும். வெள்ளைப் பருப்போடு கொஞ்சம் பிழைத்திருப்பதே நல்ல செய்தி.

புதிதாகத் தொடங்குங்க, இப்படி:

காய்க்கொத்து சாம்பல் பழுப்பாகி, ஒன்றிரண்டு காய் வெடித்துச் சிவப்பு எட்டிப் பார்க்கும்போதே பறிக்கணும். முழுக்க வெடிக்கும்வரை விட்டால் மைனாவும் கொண்டைக்குருவியும் மிச்சம் வைக்காது. கொத்துக்கு முன்பே வலைப்பை கட்டினால் நல்லது. பறித்த கொத்தை நிழலில் ஒரு நாள் பரப்பினால் மீதிக் காயும் திறக்கும்.

விதையைத் தண்ணீரில் 24 முதல் 48 மணி நேரம் ஊறப்போடுங்க, இடையில் இருமுறை தண்ணீர் மாற்றணும். சதை இளகியதும் கொரகொரப்பான மணலோடு சேர்த்து உள்ளங்கையில் தேய்த்தால் கழன்றுவிடும். பிறகு ஒரு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் விட்டு அலசினால் எண்ணெய்ப் பிசுக்கு போகும். உள்ளே கருத்த கொட்டை தெரியணும். இப்போது தண்ணீரில் போடுங்க. மூழ்குவதை எடுங்க, மிதப்பதைத் தள்ளுங்க. சதையோடு இருக்கும்போது இந்தச் சோதனை செய்யாதீங்க, எண்ணெயால் நல்லதும் மிதக்கும்.

ஈரம் வற்ற நிழலில் ஒரு மணி நேரம் போதும். அன்றே ஊன்றுவது நல்லது. முடியாவிட்டால் பிழிந்த ஈர நார்க்கழிவில் கலந்து, ஜிப் கவரில் போட்டு, ஃபிரிட்ஜின் காய்கறி டப்பாவில் சில வாரம் வைக்கலாம். இது விதையைக் காய்ந்துபோகாமல் வைக்கத்தான், உறக்கம் கலைக்க அல்ல. ஃபிரீசருக்குள் போகக் கூடாது.

செம்மண்_தோட்டம்
கலவை பற்றி நான் சேர்க்கிறேன். பாதி மக்கிய சாணம்தான் உங்கள் நாற்றைச் சாய்த்தது, கூடவே இருவேளைத் தண்ணீர். அடித்தண்டு சுருங்கிக் கருத்துச் சாய்வது நாற்றழுகல். முளைக்கும் கட்டத்தில் சாண எருவே வேண்டாம். ஆற்று மணல் 1, செம்மண் 1, நன்கு மக்கிய மண்புழு உரம் அரைப் பங்கு போதும். மணல் கிடைக்காவிட்டால் கழுவிய எம்-சாண்ட் போடலாம். ஒரு கிலோ மண்புழு உரத்துக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து, ஈரமாக ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு சேருங்கள்.

ஆழம் ஒரு அங்குலம் அதிகம், ஒரு சென்டிமீட்டர் போதும். 50 சதவீத நிழல்வலை. விரலை விட்டுப் பார்த்து மேல்மண் உலரத் தொடங்கினால் மட்டும் ஸ்பிரேயர் தண்ணீர்.

நோய் தெரிந்துவிட்டால், சாய்ந்த நாற்றை அதன் மண்ணோடு அகற்றிவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்புப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்துச் சுற்றி ஊற்றலாம். செம்பு மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொல்லும் என்பதால் இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள்.

மாடித்தோட்டம்_மதுரை
எத்தனை நாளில் முளைக்கும்? எப்போது கைவிடலாம்?

மலைக்காடு
புதிய விதை மூன்றாவது வாரத்திலிருந்து வரத் தொடங்கும். ஆனால் ஒரே சமயத்தில் வராது. கடைசி விதை மூன்று மாதம்கூட எடுக்கும். காரணம், விதை உதிரும்போது உள்ளே கரு மிகச் சிறியது. சுற்றியுள்ள பருப்பைத் தின்று வளர்ந்த பிறகுதான் வெளியே வரும். உப்புத்தாளில் தேய்ப்பது இதை விரைவுபடுத்தாது, ஓடு காயப்பட்டால் பூஞ்சைதான் புகும். தினம் தோண்டிப் பார்க்கவும் கூடாது. 90 நாள் வரை தட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

முளைத்த பிறகு தாமதிக்கக் கூடாத வேலை ஒன்று உண்டு. வேர் சதைப்பற்றாக, எளிதில் முறியக்கூடியது. நான்கு இலை வந்ததும் மண்ணோடு தோண்டி 5க்கு 8 அங்குல நர்சரி கவருக்கு மாற்றிவிடுங்கள். ஆணிவேர் சுருண்டுகொண்டால் பிறகு நிலத்தில் நட்டாலும் தேறாது.

செம்மண்_தோட்டம்
மதுரைப் பக்கம் போர் தண்ணீர் என்றால் இலை மஞ்சளாகும். நரம்பு பச்சை, இடையில் மஞ்சள், அதுவும் இளம் இலையில் முதலில் வந்தால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் வேர் எடுக்க முடியாத நிலை அது. ஃபெரஸ் சல்பேட் லிட்டருக்கு 2 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், மாலையில் இலைத் தெளிப்பு, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுவதுதான் நிரந்தர வழி.

மாடித்தோட்டம்_மதுரை
கடைசிக் கேள்வி. மாடியில் பெரிய தொட்டியில் பூக்குமா?

நாற்றங்கால்
விதைக்கன்று பூக்க ஏழு, எட்டு, பத்து வருஷம்கூட ஆகும். தாய்மரத்தின் அதே நிறமும் வாசனையும் வரும் என்றும் சொல்ல முடியாது. தொட்டியில் சீக்கிரம் பூ வேணும்னா ஒட்டுக்கன்று வாங்குங்க. ஒன்றிரண்டு வருஷத்தில் பூக்கும், உயரத்தையும் வெட்டிக் கட்டுப்படுத்தலாம். வெள்ளைச் செண்பகம் பெரும்பாலும் விதை பிடிக்காத கலப்பினம். அதை மஞ்சள் செண்பக விதைக்கன்றின் மேல்தான் ஒட்டுவார்கள். உங்கள் நாற்று பென்சில் கனம் வந்ததும் அதற்கும் பயன்படும். நிலத்தில் நடுவதானால் சுவரிலிருந்து 5 மீட்டராவது தள்ளுங்க, தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது.

மிச்சமிருக்கிற மரத்தடி விதைகளை இன்றே எடுத்துக் கழுவி, மூழ்குவதை மட்டும் புதுக் கலவையில் மாற்றி ஊன்றுங்க. ஐந்தாறு தேறினாலும் லாபம்தான்.