கிளிசரினோடு பழகியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

நான் வீட்டிலேயே சோப்பு செய்கிறேன். எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் வினைபுரியும்போது சோப்போடு கூடவே கிளிசரினும் உருவாகிறது. பெரிய ஆலைகளில் உப்பு சேர்த்து அதைப் பிரித்தெடுத்துவிடுவார்கள். நான் சோப்பிலேயே விட்டுவிடுகிறேன். கை காய்ந்துபோகாமல் இருப்பது அதனால்தான். மழைக்காலத்தில் கட்டியின் மேல் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். "கெட்டுப்போச்சா?" என்று கேட்பார்கள். கெடவில்லை, கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிறது. காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் போதும்.

*

மேலே சகோதரி சொன்ன அந்த இழுக்கும் குணத்தைச் செவிலியராக நான் தினமும் பார்க்கிறேன். மலச்சிக்கலுக்கு ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் மருந்து குடலுக்குள் நீரை இழுத்துத்தான் வேலை செய்கிறது. ஆனால் வெடித்த உதட்டில் சுத்தமான கிளிசரினை அப்படியே தடவாதீர்கள். காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் அது தோலிலிருந்தே நீரை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்து தடவுங்கள்.

*

வேதியியல் ஆய்வகத்தில் வேலை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூளைக் குவித்து, நடுவே குழி செய்து, சில துளி கிளிசரின் விட்டால் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் மெல்லப் புகை கிளம்பும், சட்டென்று ஊதா கலந்த தீ. அந்த இடைவெளிதான் ஆபத்து; வினை நடக்கவில்லை என்று நினைத்து மாணவர்கள் குனிந்து பார்ப்பார்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்க நான் விடுவதில்லை.

*

மருந்துத் தயாரிப்பில் தரக்கட்டுப்பாடு என் வேலை. இருமல் சிரப்பின் இனிப்புக்கும் கெட்டித்தன்மைக்கும் கிளிசரின் சேர்ப்பது வழக்கம். எங்களுக்குப் பயமெல்லாம் அதன் இடத்தில் வந்து உட்காரும் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தைப் பற்றித்தான். அதுவும் நிறமற்றது, கொழகொழப்பானது, இனிப்பானது. கண்ணால் பிரித்தறிய வழியே இல்லை. குடித்தால் சிறுநீரகம் செயலிழக்கும். 1996இல் ஹைட்டியில் கிளிசரின் என்ற பெயரில் வந்த கலப்படச் சரக்கில் செய்த சிரப்பால் 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2006இல் பனாமாவிலும் அதே கதை. சரக்கு பல வியாபாரிகள் கைமாறி வந்தது. வழியில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அடர்த்தியில் வித்தியாசம் உண்டு: கிளிசரின் மில்லிலிட்டருக்கு சுமார் 1.26 கிராம், மற்றது 1.12. ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் அடர்த்தி காட்டிக்கொடுக்காது. அதனால் கேஸ் குரோமட்டோகிராபி, அதாவது கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் சோதனை, கட்டாயம். அமெரிக்க மருந்துத் தரநூலின்படி கிளிசரினில் டைஎத்திலீன் கிளைக்காலுக்கு வரம்பு 0.10 சதவீதம். பத்து டிரம் வந்தால் பத்திலிருந்தும் மாதிரி எடுக்கிறேன். சப்ளையர் எத்தனை வருடப் பழக்கமானாலும், சான்றிதழை மட்டும் பார்த்து ஒரு டிரம்மைக்கூட நான் உள்ளே அனுப்பியதில்லை.