கிளறாத குவியல் உரமாகாதா?

சருகுப்பிரியன்:
"மூன்று நாளுக்கு ஒரு முறை கிளறாத குவியல் உரமாகாது, அது வெறும் குப்பை" என்று மண்வெட்டியார் நேற்று வேறோர் இழையில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். வீடு கட்டியபோது மேல்மண் முழுவதும் போய், கடப்பாறை இறங்காத அடிமண் மட்டுமே எஞ்சிய தோட்டம் என்னுடையது. இரண்டு ஆண்டுகள் எதை நட்டாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. பெருக்கிய சருகுகளை மூலையில் கொட்டிவிட்டு மறந்தும் போனேன். ஒன்றரை ஆண்டு கழித்து, அந்தக் குவியலின் ஓரத்தில் தானாக முளைத்த ஒரு கொடி வேலி முழுவதும் படர்ந்ததைக் கண்டு அடியில் தோண்டியபோதுதான், மழை பெய்த மண்ணின் வாசத்துடன் கறுப்பாக, பொலபொலவென்று உதிரும் உரம் கையில் வந்தது. ஒரு முறைகூட நான் கிளறவில்லை. அது குப்பை என்று அந்தக் கொடியிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

மண்வெட்டியார்:
மறதியைத் தோட்டக்கலையாக அறிவிக்கும் துணிச்சலைப் பாராட்டுகிறேன். நீங்கள் ஒன்றரை ஆண்டு காத்திருந்து கண்டதை நான் இரண்டே மாதத்தில் எடுக்கிறேன். குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறிச் சில நாள்கள் நின்றால்தான் களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழியும். ஓரத்தில் கிடப்பது நடுவுக்கு வர வேண்டுமானால் கிளறித்தான் ஆக வேண்டும். உங்கள் குவியலில் விதை முளைத்ததை நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அது சூடேறவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? மூன்று நாளுக்கு ஒரு முறை. அவ்வளவுதான்.

பழையவேர்:
சூடேறாத குவியலும் உரமாகும். நாள் பிடிக்கும், அவ்வளவே. ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் வகுத்து, 1931இல் நூலாக வெளிவந்த முறையிலேயே மொத்தம் இரண்டு, மூன்று தடவைதான் கிளறுவார்கள். 1939இல் பெங்களூரில் வகுக்கப்பட்ட முறையிலோ குழியை நிரப்பி, மேலே சேற்றால் மெழுகி, மாதக்கணக்கில் தொடுவதே இல்லை. இந்த மூன்று நாள் கணக்கை மண்வெட்டியார் எங்கிருந்து எடுத்தார்?

மண்வெட்டியார்:
குழி வேறு, குவியல் வேறு என்பதுகூடத் தெரியாமல் ஆண்டுகளை அடுக்குவதால் பயனில்லை. இதே பழையவேர்தான் சென்ற ஆண்டு, இறுகிய களிமண்ணில் இரண்டு கூடை மணலைக் கலக்குமாறு ஒருவருக்கு அறிவுரை சொன்னார். களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது; கொஞ்சம் மணலைப் போட்டால் அதன் இடுக்குகளையெல்லாம் களி அடைத்துக்கொண்டு பாத்தி செங்கல்லாகிவிடும். நான் அதை மறக்கவில்லை.

பழையவேர்:
மணலுடன் உரமும் கலக்கச் சொன்னேன். பாதியை மறைத்துப் பேசுவது உங்கள் வழக்கம். மூன்று நாள் கணக்குக்கு விடை இன்னும் வரவில்லை.

புதுத்துளிர்:
குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மண்ணும் கெட்டி என்பதால் பச்சை மரத்தூளை அப்படியே கொத்திக் கலந்தேன். ஒரு மாதத்தில் செடிகள் எல்லாம் வெளிறி மஞ்சளாகிவிட்டன. மண்ணை மீட்க முடியுமா?

சருகுப்பிரியன்:
முடியும். குவியலில் கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறக்குறைய 30க்கு 1 என்ற அளவில் இருப்பது நல்லது. மரத்தூளில் அது சில நூறுக்கு 1. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால் செடி பட்டினி கிடக்கிறது. இப்போதைக்கு நன்கு மக்கிய சாணத்தைப் போடுங்கள். இனி மரத்தூளைப் புதைக்காமல் மேலே மூடாக்காகப் பரப்புங்கள்.

சொல்லாய்வன்:
"மக்கிய" அன்று, "மட்கிய" என்பதே திருத்தமான வடிவம். மக்கு என்றால் வேறு பொருளும் உண்டு.

சருகுப்பிரியன்:
அந்த வேறு பொருளை இந்த இழையில் நானும் உணர்ந்துகொண்டுதான் இருக்கிறேன், ஐயா.

மண்வெட்டியார்:
மக்கினாலும் மட்கினாலும் கிளற வேண்டும். அந்த மரத்தூளைப் பச்சைத் தழையுடன் குவித்து, பிழிந்த துணியின் ஈரத்தில் வைத்து, மூன்று நாளுக்கு ஒரு முறை கிளறியிருந்தால் புதுத்துளிருக்கு இந்த நிலை வந்திருக்காது.

பழையவேர்:
ஓயாமல் கிளறினால் சூடும் போகும், தழைச்சத்தும் அம்மோனியாவாகக் காற்றில் போகும். அடியில் சுள்ளிகளைப் பரப்பினால் காற்று தானாகவே நுழையும். மூன்று நாள் எங்கே எழுதியிருக்கிறது?

மண்வெட்டியார்:
என் மண்வெட்டியின் காம்பில் எழுதியிருக்கிறது. பதினொரு ஆண்டுகளாக என் குவியல் ஒரு நாள்கூட நாறியதில்லை. உங்கள் சுள்ளிகளை அள்ளும்போது உங்களுக்கே புரியும்.

புதுத்துளிர்:
மழைக்காலத்திலும் மூன்று நாளா, ஐயா?

மண்வெட்டியார்:
மழைக்காலத்திலும்தான். குவியல் நனையாமல் மூடி வையுங்கள், மூன்றாம் நாள் திறந்து கிளறுங்கள்.

பழையவேர்:
இதற்கும் ஆதாரம் மண்வெட்டிக் காம்புதானா?