ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் ஃபில்டரையும் சாளையிலேயே மாற்றலாமா?

பல்லடம் தறிக்காரர்:
என் வண்டி டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் விசையை ஆயில் வழியே கியர் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) வகையைச் சேர்ந்த ஆறு வேக ஆட்டோமேட்டிக். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் ஒருமுறையாவது ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வால்பாறைக்குப் போய் வருகிறேன். கியர் ஆயிலை மாற்ற வேண்டுமா என்று வழக்கமாக வண்டியை விடும் சர்வீஸ் நிலையத்தில் கேட்டபோது, அது ஆயுளுக்கும் போதும், தொடவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் சென்ற வாரம் மலை இறங்கிய பிறகு, இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது ஒரு சிறு உதறல் தெரிந்தது. தோட்டத்து வீடான சாளையில் டிராக்டருக்காகக் கட்டிய பள்ளம் இருக்கிறது. எஞ்சின் ஆயிலைப் பத்து ஆண்டுகளாக நானேதான் மாற்றுகிறேன். இதையும் நானே செய்யலாம் என்பது என் எண்ணம். மாறுபடுகிறவர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

திருச்செங்கோடு பட்டறை:
மாறுபடுகிறேனுங்க. ஆயிலை மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நீங்கள் மாற்ற வேண்டுமா என்பதில்தான் மறுப்பு. எஞ்சின் ஆயிலுக்குக் குச்சி இருக்கிறது, துடைத்துப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். இன்றைய ஆட்டோமேட்டிக் பெட்டிகள் பலவற்றில் குச்சியே கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி நாற்புறமும் மட்டமாக நிற்க, ஆயிலின் சூடு கையேட்டில் சொன்ன எல்லைக்குள் இருக்கும்போது ஆயிலின் அளவைக் காட்டும் லெவல் பிளக்கைத் திறந்து, மெல்லிய இழையாக வழியும் நிலையில் மூட வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் கன்வர்ட்டரில் இருக்க வேண்டிய ஆயில் கணக்கில் வராது. குறைந்துவிட்டால் பம்பு காற்றை உறிஞ்சும்; கூடிவிட்டால் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் கிளட்ச் தட்டுகளுக்கு அழுத்தம் போதாமல் வழுக்கிக் கருகும். என் பட்டறைக்கு வரும் கெட்டுப்போன பெட்டிகளில், ஆயில் பழசானதால் போனவற்றைவிட, யாரோ மாற்றிய பிறகு போனவைதான் என் நினைவில் அதிகம்.

பீளமேடு பொறியாளர்:
அண்ணா சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் அதில் வீட்டில் செய்ய முடியாதது எது என்றுதான் தெரியவில்லை. வண்டி மட்டமாக நிற்கிறதா என்பதைக் கொத்தனாரின் ரசமட்டம் சொல்லிவிடும். கியர் ஆயிலின் சூட்டைக் காட்டக்கூடிய ஸ்கேனர் கருவி இன்று சாதாரணமாகக் கிடைக்கிறது. நான் இரண்டு முறை வீட்டிலேயே மாற்றியிருக்கிறேன்.

ஆயுளுக்கும் போதும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். கியர் பெட்டிகளையே செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், ஆயில் மாற்றச் சொல்கிறது. வால்பாறை ஏறுகிற வண்டிக்கு அந்த எல்லையின் கீழ்முனையைக் கொள்வதே சரி. ஏற்றத்தில் கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே இழுக்கிறது, அந்த வழுக்கல் முழுவதும் ஆயிலில் சூடாகத்தான் இறங்குகிறது.

ஒன்றை மட்டும் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். பெட்டியின் அடியில் ஆயில் தங்கும் தட்டான ‘பான்’ என்பதைக் கழற்றினாலும் முழு ஆயிலும் வராது. கன்வர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் பெரும்பங்கு தங்கிவிடும். மொத்தம் 9 லிட்டர் பிடித்து, ஒரு முறைக்கு 3 லிட்டர் இறங்குவதாகக் கொண்டால், இடையில் ஓட்டி ஓட்டி மூன்று முறை மாற்றிய பிறகும் சுமார் 2.7 லிட்டர் பழைய ஆயில் உள்ளே இருக்கும். இருந்தாலும் அதுவே போதுமானது.

திருச்செங்கோடு பட்டறை:
தம்பி, ரசமட்டம் இருக்கட்டும், சூட்டுக்கு வருவோம். பல பெட்டிகளுக்குக் கேட்கும் எல்லை 35 முதல் 45 டிகிரி. சித்திரை நண்பகலில் நம் பக்கத்து வெயிலில் நின்ற வண்டியின் ஆயில் தொடக்கத்திலேயே 38 டிகிரியில் இருக்கும். எஞ்சினைப் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லாக் கியரையும் ஒரு சுற்று மாற்றி, பள்ளத்துக்குள் இறங்குவதற்குள் எல்லை தாண்டிவிடும். 85 டிகிரியில் திறந்து, வழிந்தது போதும் என்று மூடினால், ஆறிய பிறகு சுமார் கால் லிட்டர் குறைந்திருக்கும். சூட்டில் ஆயில் விரிந்திருந்ததால் வந்த வினை அது.

அடுத்தது ஃபில்டர். பழைய ஃபில்டரை இழுக்கும்போது அதன் ரப்பர் சீல் துளையிலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. அதைப் பார்க்காமல் புது சீலோடு புதியதை அழுத்தினால் சரியாக உட்காராது; அந்த இடுக்கு வழியாகப் பம்பு காற்றை இழுத்துச் சீழ்க்கை அடிக்கும். பானின் போல்ட்டுகளோ பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கம்தான் கேட்கும். டிராக்டரில் பழகிய கை அங்கே நிற்காது. பான் நெளியும், கேஸ்கெட் பிதுங்கும்.

ஈரோடு வாசகி:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. 2014-இல் மாருதியின் செலேரியோ காரோடு இங்கே பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வண்டிகளையும் நாம் ஆட்டோமேட்டிக் என்றே சொல்கிறோம். அவற்றில் இருப்பது சாதாரண கியர் பெட்டிதான், கியரை மாற்றும் வேலையைத்தான் இயந்திரம் செய்கிறது. அதற்கு இந்த ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டால் வேகம் மாறும் சி.வி.டி.க்கும் தனி ஆயில். சிவப்பாக இருக்கிறது என்பதற்காக ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றக் கூடாது. இறக்கிய பழைய ஆயிலைக் கேனில் பிடித்து, முறைப்படி வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். சாளை என்றதும் வாய்க்கால் வரப்பு நினைவுக்கு வந்ததால் சொல்கிறேன்.

பீளமேடு பொறியாளர்:
அண்ணாவின் சூட்டுக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். நான் இரண்டு முறையும் விடியற்காலையில்தான் செய்தேன், ஆனால் வெயிலுக்குப் பயந்து செய்தேனே தவிர இந்தக் காரணத்தை யோசித்திருக்கவில்லை. பல்லடத்துக்காரர் பானைத் திறந்ததும் அதன் காந்தங்களைப் பார்க்க வேண்டும். மை போன்ற சாம்பல் நிறப் பசை இயல்பானது. விரலில் நெருடும் இரும்புச் சில்லுகள் கிடந்தால், ஆயில் மாற்றித் தீரக்கூடிய நோய் அல்ல அது. எதற்கும் முன்னதாக, ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன், ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு, ஊற்ற வழியில்லாமல் நிற்பதைவிடப் பெரிய அவமானம் இந்த வேலையில் இல்லை.

பல்லடம் தறிக்காரர்:
அந்தக் கடைசி வரியால் தப்பித்தேன். இன்று காலை ஊற்றும் பிளக்கைத்தான் முதலில் முயன்றேன். அது அசையவில்லை, உள்ளே அறுகோணப் பள்ளம் மழுங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டேன். ஒரு சொட்டு ஆயிலும் இறங்கவில்லை. கையேட்டில் குறித்த ஆயிலும் ஃபில்டரும் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். ஞாயிறு காலை திருச்செங்கோட்டுக்கே கொண்டு வரட்டுமா அண்ணா? கூட நின்று பார்க்க அனுமதிக்க வேண்டும்.

திருச்செங்கோடு பட்டறை:
தாராளமாக வாங்க. ஆனால் ஞாயிறு காலை வேண்டாம். சனி சாயந்திரமே வண்டியை விட்டுவிடுங்கள். பல்லடத்திலிருந்து ஓட்டி வந்த சூடு இரவெல்லாம் தணிந்தால்தான் விடிந்ததும் சரியான அளவு பார்க்க முடியும்.

பீளமேடு பொறியாளர்:
சாளையில் நின்றிருந்தால் அது ஏற்கெனவே தணிந்திருக்கும் அண்ணா. பிளக் கழன்ற பிறகு புதிய பிளக் ஒன்றைப் போட்டு அனுப்புங்கள். அடுத்த முறை அவரே மாற்றிக்கொள்வார்.