பொருள்: ‘லேட் எஃபெக்ட்ஸ்’ – வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

[கும்பகோணம்]
அன்புடையீர், வணக்கம். சிறு வயதில் ரத்தப் புற்றுநோய், மூளைக்காய்ச்சல் போன்றவை வந்து குணமான பிள்ளைகளின் பெற்றோருக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘லேட் எஃபெக்ட்ஸ்’, அதாவது நோய் குணமாகி ஆண்டுகள் கழித்துத் தெரியவரும் பாதிப்புகள், என்ற தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

ரத்தப் புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை முதுகுத் தண்டுநீரில் செலுத்துகிறார்கள். சிலருக்குத் தலையில் கதிர்வீச்சுச் சிகிச்சையும் உண்டு. நோய் போய்விடும். ஆனால் மூளையின் வெண்பொருள் (மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள்) பிள்ளை வளர வளரத்தான் முதிர்கிறது. அதில் பட்ட அடி அன்றே தெரியாது. மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளை, ஆறிலும் ஏழிலும் பாடம் கூடி, சொல்லச் சொல்ல எழுத வேண்டி வரும்போது பின்தங்கும். பலருக்குப் புரிந்துகொள்வதில் குறையிருக்காது. வேகமும் கவனமும் தடுமாறும். கேட்டதை மனத்தில் நிறுத்திக்கொண்டே அடுத்ததைச் செய்ய வராது. கதிர்வீச்சு பெற்ற வயது குறையக் குறையப் பாதிப்பு கூடும். பள்ளியில் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறார்கள்.

‘பின்விளைவு’ என்று எழுதினால் வாந்தி, முடி கொட்டுவது என்றுதான் படிக்கிறார்கள். ஆண்டுகள் கழித்து வருவது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

[திருவையாறு]
அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது: நோயெச்சம். எஞ்சு என்பதிலிருந்து எச்சம், மிஞ்சு என்பதிலிருந்து மிச்சம். பெயரெச்சம், வினையெச்சம் என்று பிள்ளைகளே படிக்கிறார்கள்; முடியாமல் நிற்பது, மேலே ஒன்றை வேண்டி நிற்பது எச்சம். நீங்கள் சொல்லும் பொருளும் அதுவே. புறநானூறு 28இல் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்லும்போது உடற்குறைகளை ‘எண்பேர் எச்சம்’ என்கிறார். காவிரிக்கரைச் சொல் இது. இதைவிட என்ன வேண்டும்?

[மன்னார்குடி]
ஐயா, மன்னிக்க வேண்டும். நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. என் பிள்ளைகளுக்கு எச்சம் என்றால் காக்கை எச்சம்தான். அந்தப் புறப்பாட்டு கூன், குறள் (குள்ளம்), ஊமை, செவிடு என்று அடுக்கி, அவற்றால் ஊதியம் இல்லை என்றும் சொல்கிறது. அதே சொல்லை ஒரு தாயின் கையில் எப்படிக் கொடுப்பது? அந்தப் பிள்ளைக்கு இப்போது நோயும் இல்லை. பெயரில் மட்டும் ஏன் நோய்?

[தஞ்சாவூர்]
நான் மருத்துவன். ‘லேட் எஃபெக்ட்’ என்றே விடுங்கள். கீமோ, ரேடியேஷன் என்று அவர்களே பேசுகிறார்கள். ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறாரே.

[திருவையாறு]
அது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரும் சொல்லுக்கு. ‘எஃபெக்ட்’ ட் என்று முடிகிறது. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியுமா, மருத்துவரே?

[மன்னார்குடி]
இலக்கணத்தை விட்டாலும் எனக்கு அது ஒத்துவரவில்லை. கீமோ மருத்துவமனையில் நடப்பது, டாக்டர் பார்த்துக்கொள்வார். இதை வீட்டில் அம்மாவும் வகுப்பில் டீச்சரும்தான் முதலில் கவனிக்க வேண்டும். அவர்கள் வாயில் வரும் சொல்லாக இருக்கட்டும்.

[வேதாரண்யம்]
எங்கள் பக்கத்துச் சொல் ஒன்று. கல்லணையில் திறந்த தண்ணீர் அன்றே எங்களுக்கு வராது. எல்லா ஊரையும் கடந்து கடைசியில்தான் வரும். இந்தப் பாதிப்பும் அப்படித்தானே? ‘கடைமடை விளைவு’ என்றால் டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

[மயிலாடுதுறை]
அழகான சொல். ஆனால் டெல்டாவைத் தாண்டினால் விளக்கம் கேட்பார்கள். மேலும் மடை என்று எழுதினால் ஏதாவது ஒரு வகுப்பில் அந்தப் பிள்ளையை மடையன் ஆக்கிவிடுவார்கள்.

[திருவையாறு]
மடையன் இழிசொல் அன்று. மடை என்றால் சோறு, சமையல், அதனால்தான் மடைப்பள்ளி. சமைப்பவன் மடையன். மதகு திறப்பவன் என்று கொள்வாரும் உண்டு. மடமை வேறு சொல். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

[மயிலாடுதுறை]
எழுதுங்கள் ஐயா, காத்திருக்கிறேன். இப்போதைக்கு என் பரிந்துரை: பின்தோன்று விளைவு. ‘தோன்று விளைவு’ வினைத்தொகை. தோன்றிய, தோன்றுகின்ற, தோன்றும் என முக்காலமும் அடங்கும். ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, ஒன்றுக்கு வந்துகொண்டிருக்கிறது, இன்னொன்றுக்கு வரலாம். ‘குறை’ என்று முடிக்காமல் ‘விளைவு’ என்றே முடிக்கிறேன். குறை பிள்ளைமேல் ஒட்டிக்கொள்ளும்.

[திருவையாறு]
வினைத்தொகை நன்று. ஆனால் பின் + தோன்று = பின்றோன்று. பொன் + தீது பொன்றீது ஆவதுபோல. பிரித்தெழுதுவது பிழை.

[தஞ்சாவூர்]
பின்றோன்று என்று அட்டையில் போட்டால் நானே வாங்க மாட்டேன், ஐயா. பின்தோன்று எனக்குச் சம்மதம். அதற்கு முன் ‘நரம்புளவியல்’ என்று சேர்க்கப் போகிறீர்களா?

[மன்னார்குடி]
வேண்டாம். உளவியல் என்றதும் மனநோய் என்று பயப்படுகிறார்கள். நரம்பு என்றால் நரம்புத்தளர்ச்சி விளம்பரம்தான் நினைவுக்கு வரும். ‘கற்றல், கவனம், நினைவு’ என்று தலைப்பின் கீழே போட்டால் போதும். பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளை கவனிக்கவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அந்தக் காய்ச்சல் கேட்கும் திறனையே பறிக்கும். அது தெரியாமல் கவனக்குறைவு என்று உட்காரவைத்துவிடுகிறார்கள்.

[கும்பகோணம்]
அனைவருக்கும் நன்றி. அட்டையில் ‘சிகிச்சைக்குப் பின் தோன்றும் விளைவுகள்’. உள்ளே கலைச்சொல்லாகப் ‘பின்தோன்று விளைவு’. பெரும்பாலோர் ஒப்பிவிட்டதால் இதோடு அனுப்புகிறேன். ‘கடைமடை’ ஆசிரியர்களுக்கான பகுதியில் ஒரு விளக்கமாக வரும், வேதாரண்யம் அண்ணனின் அனுமதியோடு.

[திருவையாறு]
என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்கிறேன். நோயெச்சம் சொல்லடைவிலாவது இருக்கட்டும். பின்றோன்று என்பதிலும் நான் மாறவில்லை.

[மன்னார்குடி]
ஐயா, சொல்லடைவில் வந்தால் நான் தடுக்க மாட்டேன். கும்பகோணம் அம்மா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம். அது கையேட்டில் இருக்கிறதா? எந்தப் பக்கம்?