சீடி ‘பாய்வதற்கு’ ஒரு கலைச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும் (பேசுபவர்கள் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

உவர்மலை:
இலத்திரனியல் திருத்த வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும்போது லேசர் தன் தடத்தை விட்டு வேறு தடத்தில் விழும் கோளாறுக்கு என்ன பெயர்? மாணவர் “பாயுது” என்கிறார்கள். “நோ டிஸ்க்” காட்டினாலும் அதையே சொல்கிறார்கள். அது வேறு நோய். அங்கே லேசர் ஒளிக்கு வட்டில் குவியமே (ஃபோகஸ்) கிடைக்கவில்லை. மூடியைக் கழற்றி, வில்லை (லென்ஸ்) மேலும் கீழும் அசைந்து தேடுகிறதா என்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும், நேரே கண் வைக்கக்கூடாது. சீடி ஓடி டிவிடி மட்டும் ஓடாவிட்டால் டிவிடிக்குரிய 650 நானோமீற்றர் லேசரைச் சந்தேகிக்கலாம்; சீடிக்கு 780. ‘தடம்புரள்வு’ சரிவருமா?

கிண்ணியா:
வராது சேர். தடம்புரண்ட ரயில் அங்கேயே கிடக்கும். லேசர் 1.6 மைக்ரோமீற்றர் தள்ளி அடுத்த சுற்றில் இறங்கித் தொடர்ந்து ஓடும். நன்னூல் இலக்கணத்தில், சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்புபடும் நிலைகளாக ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நான்கு இருக்கிறதே. ஒழுங்காக ஓடினால் ஆற்றொழுக்கு, இது தவளைப் பாய்த்து. ஆயத்தச் சொல்லை விட்டுவிட்டுப் புதிது தேடுவானேன்?

தம்பலகாமம்:
ஐயா, தவளைப் பாய்த்து ஒரு கோளாறின் பெயரல்ல. இடையில் உள்ளதை விட்டு அப்பால் உள்ளதோடு சேர்வது நூலாசிரியர் வேண்டுமென்றே செய்வது. அடுத்த பாட்டுக்குப் போக நாம் பொத்தானை அழுத்துகிறோமே, அதற்குத்தான் அது பொருந்தும். என் முன்மொழிவு ‘தடந்தாவல்’. தடம் + தாவல், மகரம் நகரமானது. கையோடு இன்னொன்று: கையேட்டில் சீடிக்கு ‘இறுவட்டு’ வேண்டாம். இறுதல் என்றால் ஒடிதல், முடிதல். ‘குறுந்தகடு’ என்று போடுங்கள்.

கிண்ணியா:
இறுகு, இறுக்கம் எல்லாம் எங்கிருந்து வந்தன? செறிவுப் பொருளும் அந்த அடிச்சொல்லில் உண்டு. இறுவட்டு வினைத்தொகை, நம் நாட்டில் வேரூன்றிய சொல். அதை யாரும் தொடவேண்டாம். ‘தாவல்’ ஏற்கெனவே இணைய உலாவியில் ‘டாப்’ (tab) என்ற வேறு வேலை பார்க்கிறது.

மூதூர்:
பெயர் கோளாறின் இடத்தைக் காட்டவேண்டும், அதுதான் திருத்துபவனுக்குப் பயன். ஒரே வட்டில் ஒரே இடத்தில் பாய்ந்தால் கீறல் அல்லது அழுக்கு. மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் புதுக்கீறல் தடத்தின் நீளத்துக்கே விழும், பிளேயரின் பிழைதிருத்தம் அதைத் தாங்காது. எந்த வட்டைப் போட்டாலும் கடைசிப் பாட்டுகளில் பாய்ந்தால் வட்டில் குற்றமில்லை. சீடி உள்ளிருந்து வெளியே வாசிக்கும். லேசர் நகரும் தண்டில் கிறீஸ் காய்ந்திருக்கும். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்றால் தண்டில் துருவும் பிடிக்கும். ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்து, வெள்ளைக் கிறீஸ் மெல்லிசாகப் பூசினால் போதும். வில்லையில் தின்னர் படவே கூடாது, பிளாஸ்ரிக் மங்கிவிடும். ஆகவே ‘வட்டுப்பாய்ச்சல்’, ‘தண்டுப்பாய்ச்சல்’ என்று இரண்டு சொல். வீட்டுக்காரர் வாயில் உள்ள சொல்லும் நிலைக்கும்.

தம்பலகாமம்:
பாய்ச்சல் என்றால் இங்கே வயலுக்குத் தண்ணீர். அதே மாணவன் பௌதிகவியலில் ‘காந்தப்பாயம்’ படிக்கிறான், ‘மின்னோட்டம் பாய்கிறது’ என்று எழுதுகிறான். அதே பக்கத்தில் லேசரும் பாய்ந்தால் குழம்புவான்.

உவர்மலை:
நேரமில்லை. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் தடந்தாவலுக்குத்தான் ஆதரவு கூட. முதன்முறை ‘தடந்தாவல், அதாவது பாய்தல்’ என்று எழுதி, மூதூர் ஐயாவின் இரு பிரிவையும் உபதலைப்பாக வைக்கிறேன். இறுவட்டு அப்படியே இருக்கும்.

மூதூர்:
எனக்கு உடன்பாடில்லை, பதிந்துவையுங்கள். ஈரடுக்கு டிவிடியில் படத்தின் நடுவே ஒரு கணம் நிற்பது கோளாறே அல்ல, லேசர் அடுத்த அடுக்குக்குக் குவியம் மாற்றுகிறது. உங்கள் கையேட்டைப் படித்தவன் அதையும் தடந்தாவல் என்று எழுதி நல்ல பிளேயரைக் கழற்றுவான். ‘அடுக்குமாற்றம்’ என்று தனியாக ஒரு வரியாவது போடுங்கள்.