நேஷனல்ஸ் உங்கள் ஊருக்கு வந்ததுண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பனித்தடம்_அம்மா

அடுத்தடுத்த வருடங்களுக்கு நேஷனல்ஸை, அதாவது அமெரிக்காவின் தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் (ஐஸில் சறுக்கி ஆடும் விளையாட்டு) போட்டியை, எந்த ஊருக்குக் கொடுப்பது என்று மறுபடி பேச்சு ஓடுகிறது. எல்லோரும் அரங்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை இருக்கை, எவ்வளவு பெரிய திரை, பக்கத்தில் எத்தனை ஓட்டல். என்னைக் கேட்டால் முதலில் பிராக்டிஸ் ரிங்க், அதாவது பயிற்சிக்கான ஐஸ் தளம், எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன்.

என் மகள் ஜூனியர் பிரிவில் தகுதி பெற்ற வருடம். ஊர்ப் பெயர் வேண்டாம். அரங்கம் ஊர் நடுவில், பிராக்டிஸ் ரிங்க் நெடுஞ்சாலை தாண்டி எங்கோ புறநகரில். இரண்டுக்கும் நடுவே ஷட்டில் பஸ். அன்று பனி கொட்டியதில் பஸ் நகரவே இல்லை. கோச் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பேசாமல் பையைத் திறந்து, பஸ்ஸின் தரையில் உட்கார்ந்து ஸ்கேட்ஸ் மாட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்த லேஸை இறுக்குவது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். விரல் சிவந்துபோயிருந்தது.

ரிங்குக்குள் நுழையும்போது அவள் குழுவின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிராக்டிஸில் ஒவ்வொருவர் பாட்டையும் ஒரு தடவைதானே போடுவார்கள். இவள் பாட்டு பாதி தாண்டியிருந்தது. பிளேடு உறையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, அந்த இசைக்கு ஐஸில் எந்த இடத்தில் இருந்திருப்பாளோ நேராக அந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து ஆரம்பித்தாள். முதல் மூன்று ஜம்ப் போயே போயிற்று. மறுநாள் போட்டியில் விழுந்ததும் அந்த மூன்றில் ஒன்றில்தான்.

பஸ்ஸால்தான் விழுந்தாள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஊரைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவராவது அந்தத் தடத்தில் ஜனவரி மாதத்தில் பயணம் செய்து பார்த்திருப்பார்களா என்று இன்றுவரை மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சியாட்டில்_சேகர்

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. ஆனால் எனக்கு ரிங்கும் பஸ்ஸும் இரண்டாம்பட்சம். ஊர் ஜனங்களுக்கு ஆசை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

2010, ஸ்போகேன். சியாட்டிலில் இருந்து மலைக்கணவாய் வழியாக நாலைந்து மணி நேரக் கார்ப் பயணம். மொத்தமே இரண்டு லட்சம் பேர் வாழும் ஊர். 2007-ல் முதல்முறை நேஷனல்ஸ் கொடுத்தபோதே ஒன்றரை லட்சத்துக்கு மேல் டிக்கெட் போய்ச் சாதனை ஆனது. 2010-ல் தங்கள் சாதனையைத் தாங்களே முறியடித்தார்கள். கடை வாசல், பெட்ரோல் பங்க் என்று எங்கு பார்த்தாலும் வரவேற்புப் பலகை. ஊர்த் திருவிழா மாதிரிதான் இருந்தது.

எனக்கு மறக்காதது ஆண்கள் ஃபைனல் இல்லை. காலை நேரப் பிராக்டிஸ். எனக்கு முன்வரிசையில் ஒரு வயதான தம்பதி. கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு, பெயர்ப் பட்டியலை வைத்து ஒவ்வொரு ஜம்புக்கும் பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். விழுந்தால் ஒரு குறி, நின்றால் ஒரு குறி. யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "எங்கள் ஊருக்கு வந்த எல்லோருக்காகவும்" என்றார் அந்த அம்மா. அந்த வருடம் ஜெரமி அபட் ஜெயித்தார், இவான் லைசாசெக் இரண்டாவது. அடுத்த மாதம் வான்கூவர் ஒலிம்பிக்கில் லைசாசெக் தங்கம் வாங்கினார். அந்தத் தம்பதியின் பட்டியலில் அவருக்கு எத்தனை குறி விழுந்திருந்தது என்று கேட்காமல் வந்துவிட்டேனே என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

பெரிய நகரத்தில் நேஷனல்ஸ் நடப்பதே அடுத்த தெருக்காரனுக்குத் தெரியாது. இந்த மாதிரி ஊர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஸ்காபரோ_வாணி

நான் கனடா. இங்கேயும் ஒவ்வொரு வருடமும் ஊர் மாறும். 2018 வான்கூவர், 2019 செயின்ட் ஜான், 2020 மிசிசாகா. 2022-ல் ஒட்டாவாவில் கோவிட் காரணமாகப் பார்வையாளரே இல்லாமல் நடந்தது. அதற்கு அடுத்த வருடம் ஓஷவா என்று அறிவித்ததும் எனக்கு நம்பவே முடியவில்லை. எங்கள் வீட்டில் இருந்து 401 நெடுஞ்சாலையில் ஏறினால் வந்துவிடுகிற தூரம்.

மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இத்தனை வருடத்தில் ஐஸ் என்றாலே அவருக்கு வாசற்படியில் வழுக்கி விழுகிற பயம்தான். ஜோடிப் போட்டி முடிந்தது. டியானா ஸ்டெலாட்டோ டூடெக்கும் மக்ஸிம் டெஷாமும் முதலாவது. "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?" என்று மாமி கேட்டார். 39 என்றேன். இடையில் 16 வருடம் விளையாட்டையே விட்டிருந்து திரும்பி வந்தவர் என்றும் சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்து, "பிள்ளை, நாளைக்கும் வருவமே?" என்றார்.

அடுத்த வருடம் அந்த ஜோடி மொன்ட்ரியலில் உலகச் சாம்பியன் ஆனபோது மாமிதான் எனக்கு போன் எடுத்துச் சொன்னார். 2023 நேஷனல்ஸ் கல்கரியிலோ வான்கூவரிலோ நடந்திருந்தால் மாமி இதைப் பார்த்தே இருக்க மாட்டார். இவ்வளவுதான் என் கதை.

சான்ஹோசே_கணேசன்

சேகர், எல்லோருக்கும் கை தட்டுகிற ஊர் நல்ல ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய நகரத்தில் யாருக்கும் தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் 1996 ஜனவரியில் சான் ஹோசே அரங்கத்தில் இருந்தவன்.

ரூடி கலிண்டோ. கிழக்கு சான் ஹோசேயில் வளர்ந்தவர். முந்தைய வருடம் எட்டாவது இடம். கோச்சுக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் அக்காதான் கோச். நேஷனல்ஸ் சொந்த ஊரில் நடக்கிறது என்பதால்தான் விலகாமல் இன்னொரு தடவை முயன்றார் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். வேறு ஊருக்குக் கொடுத்திருந்தால்? இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை.

நான் அப்போது அமெரிக்கா வந்து கொஞ்ச காலம்தான். அலுவலக நண்பர் கொடுத்த டிக்கெட். ஜம்ப்களில் ஆக்சல் எது, லூட்ஸ் எது என்று தெரியாது. கடைசி அரை நிமிடம் இசையே காதில் விழவில்லை, மொத்த அரங்கமும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. மதிப்பெண் வந்தபோது அதில் இரண்டு 6.0, அப்போது அதுதான் உச்ச மதிப்பெண். அக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த கடைச் சிப்பந்தி ஒருவர், ஐஸ்கிரீம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆகவே வீரர்கள் வளரும் ஊர்களுக்குக் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி. 2021-லும் சான் ஹோசேக்குத்தான் கொடுத்திருந்தார்கள். கோவிட் கட்டுப்பாட்டால் லாஸ் வேகஸுக்கு மாற்றி, ஆளில்லாத அரங்கத்தில் நடத்தினார்கள். அதில் இருக்கிற வருத்தம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

ஐஸ்_குழு_முரளி

நான் பார்த்தது சின்ன விஷயம். தன்னார்வலனாக ஐஸ் பராமரிப்புக் குழுவோடு நின்றிருந்தேன். முந்தைய இரவு அங்கே ஹாக்கி ஆட்டம். காலையில் முதலில் இறங்கிய பெண் ஒரு டிரிபிள் லூட்ஸ் ஜம்புக்கு டோ பிக்கை (பிளேடின் முன்நுனிப் பற்களை) ஐஸில் குத்தினாள். கண்ணாடி உடைகிற சத்தத்தோடு ஐஸ் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து வந்தது. அவள் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, இங்கே யாராவது உங்கள் ஊருக்காக விண்ணப்பம் போடுகிற குழுவில் இருந்தால் இதையும் படியுங்கள். ஹாக்கி ஐஸ் கடினமாக இருக்கும். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு அதைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாக, சுமார் மைனஸ் 3, மைனஸ் 4 செல்சியஸில் வைக்க வேண்டும். அப்போதுதான் இறங்கும்போது பிளேடு பிடிக்கும், ஐஸும் சிதறாது. இது ஒரு ராத்திரியில் நடக்கிற மாற்றம் இல்லை. அதனால் அரங்கத்தை வெறுமனே வாடகைக்கு எடுத்தால் போதாது, போட்டிக்கு முன்னும் சில நாட்கள் யாரும் தொடாமல் கேட்டு வாங்க வேண்டும். இங்கேதான் பெரிய நகரங்களில் சிக்கல். ஜனவரி என்றால் ஹாக்கியும் கூடைப்பந்தும் உச்சத்தில் இருக்கிற மாதம். பத்து நாள் சேர்ந்தாற்போல் அரங்கம் கொடுங்கள் என்றால் அந்த அணிகளை அத்தனை நாளும் வெளியூருக்கு அனுப்ப வேண்டும். கிரீன்ஸ்பரோவுக்கு 2011, 2015, 2020 என்று மூன்று தடவை கிடைத்ததும், ஸ்போகேன், ஒமாஹா, விசிடா எல்லாம் பட்டியலுக்குள் வந்ததும் சும்மா இல்லை. அந்த ஊர்களில் என்ஹெச்எல் ஹாக்கி அணியும் கிடையாது, என்பிஏ கூடைப்பந்து அணியும் கிடையாது.

அப்புறம் அளவு. சர்வதேசப் போட்டிகளில் விரும்பப்படுவது 60க்கு 30 மீட்டர். இங்குள்ள ஹாக்கி தளத்தில் அகலம் 26 மீட்டர்தான். ஐஸ் டான்ஸ்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த நாலு மீட்டருக்காக ஏங்குவார்கள். பெரிய தளம் இருந்தால் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். தொலைக்காட்சி நேரத்தையும் யோசியுங்கள். மேற்குக் கடற்கரையில் இரவு எட்டு மணி என்றால் பாஸ்டனில் பதினொன்று, அங்கே குழந்தைகள் தூங்கிவிடும். பாதுகாப்பு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 1994-ல் டெட்ராய்ட்டில் ஸ்கேட்டர் நான்சி கெரிகன் தாக்கப்பட்டது பிராக்டிஸ் முடிந்து வெளியே வரும்போதுதான். அரங்கத்துக்குப் போடுகிற காவல் பிராக்டிஸ் இடத்துக்கும் வேண்டும். டிக்கெட்டை முழு வாரத்துக்கும் சேர்த்தே முதலில் விற்றுவிடுங்கள், அப்போதுதான் கணக்கு நிற்கும்.

கடைசியாக, போதுமான நேரடி விமானம் இல்லாத ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். 2025-ல் விசிடா நேஷனல்ஸ் முடிந்து நடந்த விமான விபத்துக்குப் பிறகும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

பனித்தடம்_அம்மா

முரளி சார், நான் அனுபவம்தான் கேட்டேன், விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று கேட்கவில்லை. ஆனால் பிராக்டிஸ் இடத்துக்கும் காவல் வேண்டும் என்றீர்களே, அதற்கு நன்றி.

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்

முழு வார டிக்கெட்டை முதலில் விற்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது. எனக்கு ஒரு மாலை மட்டும்தான் விடுப்பு கிடைத்தது. ஷிஃப்ட் முடித்து நேராக அரங்கத்துக்குப் போனேன். தனி டிக்கெட் கடைசியில் திறந்ததால் கிடைத்தது மேல்தளத்தின் கடைசி வரிசை. கீழே பார்த்தால் முன்வரிசைகள் பாதி காலி. வாரம் முழுவதற்கும் வாங்கியவர்கள் அன்று வரவில்லை. ஐஸில் ஒரு பெண் தன் வாழ்க்கையிலேயே சிறந்த ஷார்ட் புரோகிராமை முடித்துவிட்டு, காலி நாற்காலிகளைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் குனிந்தாள். நான் மேலே இருந்து தொண்டை வறளக் கத்தினேன். அவளுக்குக் கேட்டிருக்காது.

உள்ளூரில் வேலை செய்கிறவர்களை உள்ளே விடாத ஊர் எந்த ஊராக இருந்தால் என்ன?

கான்சாஸ்_மீனா

முரளி அண்ணாவின் கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்ல வந்தேன்.

2025 ஜனவரியில் விசிடாவில் அடையாள அட்டை மேசையில் தன்னார்வலராக இருந்தேன். ஊரே ஒரு வருடமாக எதிர்பார்த்திருந்த வாரம். பிராக்டிஸ் ரிங்க், ஓட்டல், அரங்கம் எல்லாம் ஊர் நடுவிலேயே, ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையுமாக. போட்டி 26-ஆம் தேதி முடிந்தது. அதற்கடுத்த சில நாட்கள் இளம் வீரர்களுக்குப் பயிற்சி முகாம். முகாமுக்கு வந்த ஒரு சின்னப் பெண் கழுத்துப் பட்டை நிறைய நினைவுப் பின் குத்திக்கொண்டு மேசைக்கு வந்தாள். சூரியகாந்தி பின் இருக்கிறதா என்று கேட்டாள். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, என் சட்டையில் குத்தியிருந்தது. கழற்றிக் கொடுத்தேன். பதிலுக்குத் தன் கிளப் பின் ஒன்றைக் கொடுத்துவிட்டு அம்மாவைத் தேடி ஓடினாள்.

29-ஆம் தேதி இரவு விசிடாவில் இருந்து வாஷிங்டன் போன விமானம் விழுந்தது. 67 பேர். அதில் 28 பேர் ஸ்கேட்டிங் குடும்பத்தவர்கள். இறந்தவர்களின் படங்கள் வெளியானபோது என் கணவர்தான் பார்த்தார். நான் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. அந்தக் குழந்தை வேறு விமானத்தில் போயிருப்பாள் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா, அது நேரடி விமானம். ஒரு வருடம் முன்புதான் அந்தத் தடமே தொடங்கியது, எங்கள் ஊர் எவ்வளவோ காலம் கேட்டு வாங்கியது. மோதியது வாஷிங்டனில், தரையிறங்கும் நேரத்தில், ராணுவ ஹெலிகாப்டரோடு. விசிடா சின்ன ஊர் என்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த விமானத்தில் தாயையும் தந்தையையும் இழந்த மாக்சிம் நௌமோவ், அதே வாரம் எங்கள் அரங்கத்தில் நாலாவது வந்தவர். அடுத்த வருடம் செயின்ட் லூயிஸில் வெண்கலம் வாங்கி ஒலிம்பிக் அணியிலும் இடம் பிடித்தார். அவர் பெயர் வரும்போதெல்லாம் எங்கள் ஊரில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தோம்.

ஐஸ், டிக்கெட், பஸ் என்று எதை வைத்து வேண்டுமானாலும் ஊர்களை ஒப்பிடுங்கள். இதை வைத்து மட்டும் வேண்டாம். விசிடா மறுபடி விண்ணப்பித்தால், அந்த மேசைக்கு முதல் பெயராக என் பெயரைக் கொடுப்பேன்.